இல்லாத தைவான் பண்டத்துக்கு இரண்டு பெயர்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தைவான் இரவுச் சந்தை ஒன்றைக் கதையிலோ காமிக்ஸிலோ பலகை விளையாட்டிலோ கொண்டுவர நினைக்கிறீர்கள். அங்கே விற்கும் பண்டம் உங்கள் கற்பனையில் பிறந்ததாக இருக்க வேண்டும். ஆனாலும் தைவான்காரர் ஒருவர் படித்தால், "இது எந்தச் சந்தையில் கிடைக்கும்?" என்று கேட்க வேண்டும். அந்த அளவுக்கு நம்பும்படி ஒரு பண்டத்தையும், அதற்குச் சீனத்திலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு பெயரையும் உண்டாக்கும் முறையை இங்கே சொல்கிறோம்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். சீனத்தில் ஒரு பெயர் வைத்துவிட்டு அதையே சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கிவிடுகிறார்கள். தைவான் கடைப் பலகையில் இரண்டு பெயருக்கும் வேலை வேறு. சீனப் பெயர் வரிசையில் நிற்கும் உள்ளூர்க்காரருக்கு. அவருக்குப் பண்டம் தெரியும், அதனால் பெயர் விளையாடலாம். ஆங்கிலப் பெயர் பலகையைப் பார்த்து விரல் நீட்டும் வெளியூர்க்காரருக்கு. கையில் என்ன வந்து விழும் என்பதை அது சொல்லியாக வேண்டும்.

நிஜப் பெயர்கள் எப்படி அமைந்திருக்கின்றன

தெருப் பண்டங்களுக்குத் தைவானின் பொதுச் சீன மொழியான மாண்டரினில் 'ஷியாவ்-ச்சு' என்று பெயர், அதாவது சிறு தீனி. மிகப் பழகிய பெயர்கள் பல மூன்று அசையில் முடிந்துவிடும். 'யான்-சூ-ஜி' என்றால் உப்பு, மொறுமொறுப்பு, கோழி. 'டி-குவா-ச்சியோ' என்றால் சர்க்கரைவள்ளி உருண்டை. முதல் இரண்டு அசை கிழங்கு, கடைசி அசை உருண்டை. கடைசி அசையைக் கவனியுங்கள். பல பெயர்களில் பண்டத்தின் உருவம் அங்கேதான் இருக்கிறது. 'பிங்' என்றால் தட்டையான ரொட்டி, 'ஜுவான்' சுருள், 'ச்சியோ' உருண்டை, 'பாவ்' பொதி, 'கெங்' கெட்டிச் சாறு, 'சூ' உதிரும் மாவுப் பண்டம். உங்கள் பண்டம் சுருளாக இருந்து பெயர் 'பிங்' என்று முடிந்தால் படிக்கிற தைவான்காரருக்கு உடனே உறுத்தும்.

அடுத்த வகை, படம் காட்டும் பெயர்கள். தைனான் நகரத்துப் பண்டம் 'குவான்-ட்சாய்-பான்': சவப்பெட்டிப் பலகை. தடித்த ரொட்டித் துண்டை எண்ணெயில் பொரித்து, மேல்பக்கத்தை மூடிபோல வெட்டியெடுத்து, உள்ளே குடைந்து, பால் சேர்த்த கெட்டிக் குழம்பை ஊற்றி, மூடியைத் திரும்ப வைப்பார்கள். 'டா-ச்சாங் பாவ் ஷியாவ்-ச்சாங்' என்றால் பெருங்குடல் சிறுகுடலைப் பொதிகிறது. ஒட்டரிசி அடைத்த தடித்த குடலைக் கீறி, நடுவே பன்றி இறைச்சி சாசேஜை வைப்பது. வெள்ளை பன் நடுவே பன்றி இறைச்சி வைக்கும் 'குவா-பாவ்' பண்டத்துக்கு, மாண்டரினோடு தைவானில் பரவலாகப் பேசும் இன்னொரு சீன மொழியான ஹொக்கியனில் 'ஹோ-கா-டி' என்று இன்னொரு பெயர்: புலி பன்றியைக் கவ்வுகிறது. பன்னின் வாயைப் பார்த்தாலே பெயர் புரிந்துவிடும்.

மூன்றாவது வகைதான் நமக்கு அதிகம் கற்றுத் தருகிறது. 1895 முதல் 1945 வரை தைவான் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. மாவில் தோய்த்துப் பொரிக்கும் ஜப்பானிய 'டெம்புரா' மாண்டரின் எழுத்தில் 'டியென்-பு-லா' ஆனது. ஒலி கிட்டத்தட்ட அதே. எழுத்தின் பொருளோ "இனிப்பு, காரமில்லை". பண்டமும் மாறி, தைவானில் அது மீன்மசியலில் செய்தது. சாற்றில் வேகும் பண்டங்களைக் குறிக்கும் 'ஓடென்' என்ற ஜப்பானியச் சொல் 'ஓ-லியான்' ஆனது. எழுத்தின் பொருள் கருஞ்சக்கரம். அதே எழுத்துகளை மாண்டரினில் வாசித்தால் 'ஹெய்-லுன்' என்று வரும், ஓடெனின் ஒலி போய்விடும். ஹொக்கியனில் வாசித்தால்தான் விஷயம் புலப்படும். இரு மொழிப் பெயர் என்பது தைவானுக்குப் புதிதல்ல என்பதற்கு இந்த இரண்டும் போதும். மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களுக்கு இந்த ஹொக்கியன் ஒலிகள் பழகியவை. அங்கே 'பொப்பியா' எனப்படும் சுருளின் உறவுதான் தைவானின் 'ஜுன்-பியா'.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பல்லில் இழுபடும் மென்மைக்குத் தைவானில் 'க்யூ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தையே பலகையில் எழுதுகிறார்கள். ஹொக்கியனில் 'கியூ' என்று ஒலிக்கும் ஒரு சொல்லின் வேடம் அது. நன்றாக இழுபட்டால் 'க்யூ-க்யூ'. உங்கள் பண்டம் மெல்லுவதற்கு இதமாக இருந்தால் இந்த எழுத்தைத் தயங்காமல் சேர்க்கலாம். மொறுமொறுப்பான பண்டத்தில் சேர்த்தால் தவறு.

இன்றைய வாழ்க்கையிலிருந்து ஒரு கணத்தை எடுங்கள்

'நவீன தைவான்' என்று பொதுவாக யோசித்தால் வானளாவிய கட்டடமும் கணினிச் சில்லும்தான் வரும். இரண்டுமே பண்டத்துக்கு ஆகாது. எல்லோரும் வாரத்துக்கு ஒருமுறையாவது கையால் செய்கிற காரியம் ஒன்று வேண்டும். அதில் ஒரு அசைவோ வடிவமோ இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ரசீதுக் குலுக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் வரி ஏய்க்காமல் இருக்க, வாங்குபவரே ரசீது கேட்கட்டும் என்று 1951-இல் தொடங்கிய ஏற்பாடு இது. ஒவ்வொரு ரசீதிலும் 8 இலக்க எண். ஒற்றைப்படை மாதங்களில் 25-ஆம் தேதி குலுக்கல். மிகப் பெரிய பரிசு 1 கோடி தைவான் டாலர். முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் பொருந்தினாலே 200 டாலர். 'மோ-சான்-மா', அதாவது கடைசி மூன்று எண் என்ற சொல் எல்லோர் வாயிலும் இருப்பது. ஆனால் ஒரு எச்சரிக்கை: சிறு தள்ளுவண்டிக்காரர்களுக்கு இந்த ரசீது தரும் கட்டாயம் இல்லை. உங்கள் கதையில் பொரித்த உருண்டை விற்கும் பாட்டி குலுக்கல் ரசீது நீட்டினால் அது பொய். எண் அச்சடித்த காகிதப் பையை நீட்டட்டும்.

பச்சைப் பொட்டலம் இன்னொரு வளமான இடம். 'குவாய்-குவாய்' என்ற சோளப்பொரித் தின்பண்டத்தின் பெயருக்கு "சமர்த்தாக இரு" என்று பொருள். கணினி சர்வர் மீதும் தொழிற்சாலை இயந்திரங்கள் மீதும் அதன் பச்சைப் பையை வைத்தால் இயந்திரம் சண்டித்தனம் செய்யாது என்பது வழக்கம். பச்சை மட்டும்தான், மஞ்சளும் சிவப்பும் கூடாது. காலாவதி ஆகிவிட்டாலும் பலன் போய்விடும் என்பார்கள், அதனால் தேதி பார்த்து மாற்றுவார்கள். நிறம், தேதி, இடம் மூன்றும் சேர்ந்து ஒரு சடங்காகியிருப்பதைப் பாருங்கள். நீங்கள் உண்டாக்கும் பண்டத்துக்கும் இப்படி ஒரு சின்ன நிபந்தனை வைத்தால் உயிர் வரும்.

அன்னாசியும் அப்படித்தான். ஹொக்கியனில் அன்னாசி 'ஒங்-லாய்'. "செழிப்பு வருகிறது" என்பதும் அதே ஒலி. கடை திறப்பு விழாவில் அன்னாசி இருக்கும். மருத்துவமனை ஊழியர்களோ பணி நேரத்தில் அன்னாசிப் பண்டத்தைத் தவிர்ப்பார்கள். அங்கே செழிப்பு என்றால் நோயாளி கூட்டம். ஆகவே உங்கள் பண்டத்தை எங்கே விற்கிறார்கள் என்பதும் பெயரோடு சேர்ந்தது.

குப்பை வண்டி மட்டும் வேண்டாம். தைவானில் அது பியானோ இசை ஒலித்தபடி வரும், மக்கள் பையோடு ஓடி வருவார்கள். அழகான காட்சிதான், புதியவர்கள் பலரும் அதைத் தொடுகிறார்கள். ஆனால் குப்பையைச் சாப்பாட்டோடு சேர்த்தால் வாய் மூடிக்கொள்ளும். சவப்பெட்டி பெயராக எடுபடும்போது குப்பை ஏன் எடுபடாது என்றால், சவப்பெட்டி அங்கே வடிவத்தைச் சொல்கிறது. 'குவான்-ட்சாய்' என்ற ஒலி பதவி, செல்வம் இரண்டையும் குறிக்கும் சொற்களோடு இணைவதும் சேர்ந்துகொள்கிறது. குப்பைக்கு அப்படி மீட்பு எதுவும் இல்லை.

பண்டத்தின் உடல்

பெயருக்கு முன் பண்டம் சமைக்கக்கூடியதாக இருக்கிறதா என்று பாருங்கள். இரவுச் சந்தையில் நடந்துகொண்டே தின்பார்கள். ஒரு கையில் பை, மறு கையில் மூங்கில் குச்சி. ஆகவே தட்டு கேட்கும் பண்டம் என்றால் கடைக்குப் பின்னால் மேசை போட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எடை 100 முதல் 200 கிராம், விற்பவர் மூன்று நான்கு நிமிடத்தில் முடிக்கும் வேலை, விலை பெரும்பாலும் 30 முதல் 100 தைவான் டாலர் என்று வைத்துக்கொண்டால் நம்பும்படி இருக்கும். எண்ணிக்கையிலும் விலையிலும் 4 வேண்டாம். மாண்டரினில் 'ஸ்ஸு' என்ற ஒலி நான்கையும் சாவையும் நினைவூட்டும்.

சைவப் பண்டம் என்று எழுத நினைப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். தைவானில் 'சூ' என்று பலகையில் போட்டால், பௌத்த வழக்கப்படி வெங்காயம், பூண்டு வகையும் இல்லை என்று பலர் எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் அங்குள்ள உணவுப் பொட்டலச் சட்டம் சைவத்தையே ஐந்தாகப் பிரிக்கிறது: முழுச் சைவம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, வெங்காயம் பூண்டு வகை சேர்ந்தது. வெங்காயத்தாள் தூவிவிட்டு வெறும் 'சூ' என்று எழுதாதீர்கள். மேலே உதிரும் பண்டத்துக்குச் சொன்ன 'சூ' வேறு எழுத்து, வேறு தொனி.

முதல் எடுத்துக்காட்டு: திரும்பக் காத்திருக்கும் முட்டை ரொட்டி

தைவானில் சுமார் 1 கோடியே 40 லட்சம் இருசக்கர வண்டிகள் இருக்கின்றன. அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடுவதால் இடப்பக்கம் திரும்புவதுதான் சிக்கல். பெரிய சாலைகளில் ஸ்கூட்டர் நேரே இடப்பக்கம் திரும்பக் கூடாது. சந்திப்பை நேராகக் கடந்து, தரையில் வெள்ளைக் கோட்டால் வரைந்த கட்டத்தில் நின்று, அடுத்த பச்சை விளக்குக்குக் காத்திருந்து பிறகு போக வேண்டும். இதற்கு 'டாய்-ஜுவான்' என்று பெயர்: திரும்பக் காத்திருத்தல். நேராகப் போய், நின்று, திரும்புவது. தோசைக்கல்லில் செய்ய இதைவிட நல்ல அசைவு கிடைக்காது.

காலை உணவுக் கடைகளின் 'டான்-பிங்', அதாவது மெல்லிய ரொட்டியில் முட்டை ஒட்டிச் சுருட்டுவது, நமக்கு அடித்தளம். மாவுக்கு மைதா 100 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 30 கிராம், தண்ணீர் 240 மில்லி, உப்பு அரைத் தேக்கரண்டி, நறுக்கிய வெங்காயத்தாள் 20 கிராம். ஜவ்வரிசிக்கு மூலமான அதே ஸ்டார்ச்தான் இது. கலக்கி 20 நிமிடம் வைத்தால் 24 சென்டிமீட்டர் அகல ரொட்டி நான்கு வரும்.

ஒரு ரொட்டியை மிதமான சூட்டில் இருபுறமும் வெளிற வேகவைத்து எடுத்து வையுங்கள். அடித்துக் கலக்கிய முட்டை ஒன்றைக் கல்லில் ஊற்றி, அது பாதி இறுகும்போது ரொட்டியை மேலே ஒட்டி, புரட்டுங்கள். முட்டை மேலே தெரியும். நடுவில் சோளமும் துருவிய சீஸும் சேர்ந்து 40 கிராம். இப்போது இடது, வலது ஓரங்களை உள்ளே மடியுங்கள், நீள்பட்டை கிடைக்கும். அப்படியே 90 பாகை திருப்பிவிட்டு, 30 விநாடி கை வைக்காமல் விடுங்கள். அதுதான் சிவப்பு விளக்கு. பிறகு மற்ற இரு முனைகளை மடித்தால் சதுரம். மேலே தைவான் பாணி இனிப்பு மயோனைஸில் வெள்ளைக் கட்டமும் அம்புக்குறியும்.

இரண்டாவது மடிப்பில் கிழிந்தால் காரணம் பெரும்பாலும் ரொட்டி முன்பே முறுகியிருப்பது. அல்லது ஸ்டார்ச் போடாதது. ஸ்டார்ச் வெந்ததும் பசைபோல வளைந்து கொடுக்கும், மைதா மட்டும் என்றால் மடிப்பில் வெடிக்கும். உள்ளே 40 கிராமைத் தாண்டினாலும் இதே கதி. காத்திருக்கும் 30 விநாடியைக் குறைத்தால் சீஸ் இளகாமல், மடிப்பு ஒட்டாமல், பையில் போட்டதும் பிரியும். ஆகவே பெயரில் உள்ள காத்திருப்பு சும்மா அலங்காரம் அல்ல, பண்டமே அதைக் கேட்கிறது. நல்ல கற்பனைப் பண்டத்துக்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான்: பெயரை மாற்றினால் செய்முறையும் மாற வேண்டும்.

சீனப் பெயர் 'டாய்-ஜுவான் டான்-பிங்'. இதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் 'வெயிட்டிங் டு டர்ன் எக் பேன்கேக்' என்று வரும். நீளம், பொருளும் விளங்காது. 'டூ-டர்ன் எக் க்ரேப்' போதும். முட்டை, மெல்லிய ரொட்டி என்பது தெரிகிறது. 'டூ-டர்ன்' எதற்கு என்று கேட்பவருக்கு விற்பவர் தோசைத் திருப்பியால் காட்டிவிடுவார்.

இரண்டாவது: கடைசி மூன்று எண்

'மோ-சான்-மா ச்சியோ' என்று மூன்று நிறச் சர்க்கரைவள்ளி உருண்டை. ஆரஞ்சும் ஊதாவும் சர்க்கரைவள்ளி, மூன்றாவது நிறத்துக்கு மட்டும் சேப்பங்கிழங்கு. ஒரு பையில் நிறத்துக்கு 5 வீதம் 15 உருண்டை. பையின் ஓரத்தில் மூன்று இலக்க எண். அன்றைக்குக் கடைப் பலகையில் எழுதியிருக்கும் எண்ணோடு பொருந்தினால் அடுத்த பை இலவசம். ஆங்கிலத்தில் 'லக்கி த்ரீ ஸ்வீட் பொட்டேட்டோ பால்ஸ்'.

வேகவைத்து மசித்த கிழங்கு மொத்தம் 300 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 150, சர்க்கரை 50. கிழங்கு சூடாக இருக்கும்போதே சர்க்கரையையும் ஸ்டார்ச்சையும் சேர்த்துப் பிசைய வேண்டும். ஆறிவிட்டால் உருட்டும்போது விரிசல் விடும். ஊதாக் கிழங்கு வறண்டது, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் கேட்கும். 10 கிராம் உருண்டையாக 50 வரும். எண்ணெய் 130 பாகை செல்சியஸில் போடுங்கள். மிதந்து வந்ததும் ஜல்லிக்கரண்டியால் ஓரத்தில் அழுத்தி விடுங்கள். அழுத்தம் எடுத்ததும் உப்பும். ஐந்தாறு முறை. வெந்த ஸ்டார்ச் ரப்பர் போலத் தோலாகிறது, உள்ளே நீராவி அதை ஊதுகிறது, அழுத்துவதால் தோல் இளகி இன்னும் விரிகிறது. கடைசியில் 175 பாகைக்கு ஏற்றி ஒரு நிமிடம். இந்த நிமிடத்தை விட்டால் மேல்தோல் இறுகாமல், எடுத்ததும் சுருங்கிப் போகும். தொடக்கத்திலேயே சூடு அதிகமாக இருந்தால் வெளியே முறுகி உள்ளே உப்பாது.

பெயரைச் சோதிப்பது

முதல் சோதனை வாய். கடைக்காரரிடம் கேட்பதுபோல் 'யி ஃபென்', அதாவது ஒரு பங்கு என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். மூச்சு முட்டினால் பெயர் நீளம். பழகியவர்கள் எப்படியும் சுருக்குவார்கள். முத்துப் பால் தேநீரான 'ஜென்-ஜு நை-ச்சா' பேச்சில் 'ஜென்-நை' ஆகிவிட்டது. உங்கள் பெயரும் இரண்டு அசையாகச் சுருங்கினால், அந்தச் சுருக்கத்தையே கதாபாத்திரங்களின் வாயில் வையுங்கள். 'டாய்-ஜுவான் ஒண்ணு' என்றால் போதும்.

அடுத்து ஒலி. மாண்டரினில் தொனி மாறினால் பொருள் மாறும். தமிழ் எழுத்தில் தொனி தெரியாது. 'பிங்' ஒரு தொனியில் ரொட்டி, இன்னொன்றில் பனிக்கட்டி. 'டாங்' ஒரு தொனியில் சர்க்கரை, இன்னொன்றில் சூப். முதல்முறை வரும்போது ஒவ்வொரு அசையின் பொருளையும் ஓடும் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது பாதுகாப்பு. பெயரை மாண்டரினிலும் ஹொக்கியனிலும் தனித்தனியே சோதியுங்கள். ஒன்றில் நல்ல பெயர் இன்னொன்றில் வசவாக விழலாம். தைவான் கல்வி அமைச்சகத்தின் ஹொக்கியன் அகராதி இணையத்தில் இலவசம், உச்சரிப்பும் கேட்கலாம். அதன்பிறகும் தைவான்காரர் ஒருவர் காதில் போட்டுப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது சோதனை தமிழுக்கு. பாலைக் குறிக்கும் அசையை 'நாய்' என்றும் எழுதலாம், 'நை' என்றும் எழுதலாம்; 'நை' என்றே எழுதுங்கள். பொரித்த கோழித் துண்டான 'ஜி-பை' பெயரையும் 'பாய்' என்று எழுதினால் வாசகர் மனத்தில் வேறு படம் வரும். நகரங்களுக்குத் தைப்பே, தைச்சூங், தைனான், காவ்சியூங் என்று ஒரே வடிவத்தைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஓர் அட்டை போடுங்கள். சீனப் பெயர், அசைப் பொருள், சுருக்கம், ஆங்கிலப் பெயர், எந்தச் சந்தை, விலை, செய்முறையில் தவறக்கூடிய இடம். கடைசி வரியில், யார் இதை வாங்கமாட்டார் என்றும் ஒன்று எழுதுங்கள். அன்னாசி சேர்த்த பண்டம் என்றால் அந்த வரியில் இரவுப் பணிக்குப் போகும் செவிலியர் இருப்பார்.